காக்காய்க் கயிறு

அம்சவல்லி அக்காவின் இறால் குட்டைக்கு மேலே காக்காய்க் கயிறு கட்டச் சொன்னது நான்தான். நைலான் நூலைக் கரைக்குக் கரை இழுத்து, நடுநடுவே பளபளப்புத் தாள் துண்டுகளை முடிந்து, இரண்டு பேரும் ஒரு முழு நாள் வெயிலில் நின்று கட்டினோம். கட்டி முடித்ததும் அக்கா எங்கிருந்தோ ஒரு செத்த காக்காயைக் கொண்டுவந்து கம்பில் தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

"இத்த பார்த்துச்சுன்னா ஒண்ணும் கிட்ட வராது" என்றாள்.

நோய் வந்த குட்டையில் மிதக்கிற இறாலைக் காக்காய் தூக்கிக்கொண்டு பறக்கும். வழியில் நல்ல குட்டையில் தவறவிடும். அங்கிருக்கும் இறால்கள் அதைத் தின்னும். ஒரு வாரத்தில் அந்தக் குட்டையும் காலி. இதை நான் அவளுக்குப் பாடம் மாதிரி ஒப்பித்திருந்தேன். பிறருக்குப் பாடம் சொல்வதில் எனக்கு எப்போதுமே குறை கிடையாது.

என் பெயர் சகாயசெல்வி. மரக்காணத்தில் உப்பு வாரிப் பிழைக்கும் வீட்டுப் பெண். அந்த 2006ஆம் வருடக் கோடையில், சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸைப் பற்றி முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மாதிரி எடுக்க ஊர்ப்பக்கக் குட்டைகளுக்கு வருவேன். ஊரில் என்னை எறா டாக்டர் என்று கேலி செய்வார்கள். வெளியே சிடுசிடுப்பேன், உள்ளே பெருமையாகத்தான் இருக்கும்.

அக்காவின் கணவர் ஐயப்பன் முந்தைய சித்திரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் மோதி இறந்துபோனார். குட்டை அவருடையது. பழைய உப்புப் பாத்தியை வெட்டி ஆழமாக்கியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவருடைய தம்பி கண்ணாயிரம், பொம்பளை கையில் குட்டை நிற்காது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பங்காளிகள் உட்கார்ந்து பேசினார்கள். ஒரே ஒரு போகம் அவள் நடத்திப் பார்க்கட்டும், எடுத்துக் காட்டினால் குட்டை அவளுக்கு, தவறினால் கொழுந்தனிடம் விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று முடிவானது. பிப்ரவரியில் குஞ்சு விட்டாள். அன்றிலிருந்து மோட்டார் கொட்டகையிலேயே சமையல், அங்கேயே படுக்கை.

"நீ பட்டணத்துல அப்படி இன்னாதான் பாக்கற?" என்று ஒருநாள் கேட்டாள். இருவரும் கரையில் உட்கார்ந்து, இறால் எவ்வளவு தின்றிருக்கிறது என்று தீனித் தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சொன்னேன். வைரஸ் என்பது தனக்கென்று அடுப்போ சட்டியோ இல்லாத ஜந்து. இறாலின் உடம்பில் இருக்கிற ஒரு செல்லுக்குள் நுழைந்ததும் எடுத்த எடுப்பில் அது பெருகாது. முதலில் ஒன்றிரண்டு புரதங்களை மட்டும் செய்யவைக்கும். செய்து கொடுப்பதும் அந்தச் செல்தான், பாவம், தன் வேலை என்று நினைத்துச் செய்து கொடுக்கும். அந்த முதல் புரதம் யாரையும் கொல்லாது. நேராகச் செல்லின் மரபணுக்கள் இருக்கிற இடத்துக்குப் போகும். வைரஸின் மற்ற மரபணுக்களை ஒவ்வொன்றாக எழுப்பிவிடும். செல்லின் சொந்த மரபணுக்களில் சிலதை அடக்கும், சிலதைத் தன் வேலைக்கு ஏவும். அதற்கப்புறம்தான் பெருக்கம், புள்ளி, சாவு எல்லாம். இறால் செத்து மிதக்கும்போது நாம் பார்ப்பது கடைசிக் காட்சி. எல்லாம் தீர்மானமாவது முதல் சில மணி நேரத்தில். அப்போது வெளியே பார்த்தால் இறால் நன்றாகத் தின்னும், நன்றாகத் துள்ளும்.

"அந்த மொதல் ஆளு யாருன்னு எப்படிக் கண்டுபுடிப்ப?"

"புதுசா எந்தப் புரதமும் செய்ய முடியாதபடி ஒரு மருந்து குடுத்துடுவோம்க்கா. அப்பவும் எந்த மரபணு எழுந்திரிக்குதோ, அதுக்கு எவன் தயவும் வேணாம்னு அர்த்தம். அதுதான் மொதல் ஆளு. அவனை மட்டும் வாயடைச்சிட்டா, மிச்ச வைரஸ் உள்ளே இருந்தாலும் சும்மாதான் கெடக்கும்."

அக்கா சிரித்தாள். "எங்க கொழுந்தன் மாதிரி. அடிக்கல, திட்டல. பதினாறாம் நாள் நேரா வந்து மோட்டார் ரூம் சாவிய எடுத்து இடுப்புல சொருவிக்கினான். அப்புறம் எல்லாம் தானா நடந்துச்சு. அந்தச் சாவிய வாங்கறதுக்கு எனக்கு ஆறு மாசம்."

எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்கியதை அவள் ஒரு சாவியில் முடித்துவிட்டாள். அந்த இடத்திலேயே எனக்கு அவள்மேல் பெரிய அன்பு வந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சித்திரை இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை, அக்கா குட்டையிலிருந்து நான்காவதாக இருக்கிற சிவஞானம் அண்ணன் குட்டையில் மாதிரி எடுத்தேன். திங்கட்கிழமை சோதனை முடிவு வந்தது. வைரஸ் இருந்தது. இறாலின் ஓட்டில் ஒரு புள்ளிகூட இல்லை, ஒன்றும் தீனியை விடவில்லை. ஆரம்பம். அன்று மத்தியானமே ஊருக்கு வந்து அவரிடம் சொன்னேன். அந்த மனிதர் கரையில் அப்படியே குந்திவிட்டார்.

"மூணு நாள் வாய தொறக்காதம்மா" என்றார். "புதன்கிழமை புடிச்சி வித்துடறேன். வெளிய தெரிஞ்சா யாவாரி பாதி வெலைக்குக் கேப்பான். தண்ணிய ஒரு சொட்டு ஓடையில வுடமாட்டேன், புள்ளைங்க மேல சத்தியம். உனக்கு வேணும்ங்கற எறாவ உசுரோட எடுத்துக்கோ."

சோதனை முடிவைக் குட்டைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்று எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. அதைச் சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். ஆனால் இங்கே பொய் சொல்லிப் பயனில்லை. அதுவரை நாங்கள் ஊசி போட்டு நோயாக்கிய இறாலில்தான் அந்த முதல் புரதத்தைப் பார்த்திருந்தோம். தானாக நோய் பிடித்து, இன்னும் அறிகுறி காட்டாத இறால் கிடைப்பது அபூர்வம். சிவஞானம் அண்ணன் நாற்பது இறாலைத் தனித் தொட்டியில் விட்டு, நான் சென்னைக்குக் கிளம்பும்போது ஆக்சிஜன் பையில் போட்டுத் தருவதாகச் சொன்னார். என் வாய்க்கு அதுதான் பூட்டு.

அவர் கெட்டவர் இல்லை. சொன்ன சத்தியத்தைக் காப்பாற்றினார். புதன்கிழமை பிடித்தார், மதகை அடைத்தார், மிச்சத் தண்ணீரில் மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடர் கொட்டினார். மறுநாள் வியாழக்கிழமை ஐயப்பனுக்கு வருஷத் தெவசம்.

படையலை மோட்டார் கொட்டகை வாசலில்தான் போட்டாள் அக்கா. அவர் வாழ்ந்ததே அங்கேதான் என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பங்காளிகள் இருபது பேர் ஓலைப் பந்தலின் கீழ் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். வாழையிலையில் சோறு, வடை, கருவாட்டுக் குழம்பு, அவருக்குப் பிடித்த இறால் தொக்கு. கொட்டகைக் கூரைமேல் காக்காய்க்குத் தனி இலை. அது வந்து எடுத்தால்தான் இறந்தவர் ஏற்றுக்கொண்டார் என்று கணக்கு, அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்குச் சாப்பாடு.

காக்காய் வரவில்லை. எப்படி வரும்? எண்பது நாளாகப் பட்டாசு கொளுத்தியும், கவண்கல் அடித்தும், செத்த காக்காயைக் கட்டித் தொங்கவிட்டும் அந்த இனத்தையே அங்கிருந்து விரட்டியிருந்தோம். ஓடைக்கு அக்கரையில், மின்கம்பத்தில் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா தொண்டை வறள "கா, கா" என்று கூப்பிட்டாள். ஒரு மணி நேரம் போனது. தேர்தல் ஆட்டோ ஒன்று சாலையில் ஓட்டுக் கேட்டுக்கொண்டே போய் மறைந்தது.

கண்ணாயிரம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். யாரையும் பார்க்காமல், எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். "அண்ணனுக்கு மனசு ஆறல. குட்டைய இப்படி வுட்டது அவருக்குப் புடிக்கல. அதான் வர்ல."

பெரியவர்கள் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அக்காவின் முகம் செத்துவிட்டது. ஒரு போகம் முடிய இன்னும் முப்பது நாள் இருந்தது. ஆனால் தீர்ப்பை அங்கேயே, அந்தக் கூரைமேல் கிடந்த இலையை வைத்து எழுதிவிடுவார்கள் போலிருந்தது.

அவள் கொட்டகைக்குள் போய்க் கத்தியை எடுத்துவந்தாள். கரையோரமாக நடந்து காக்காய்க் கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்தாள். கம்பில் தொங்கிய காக்காயைப் பிடுங்கிப் புதரில் வீசினாள். பிறகு, காலையில் இறாலை உரித்த வாளியை எடுத்துவந்து, அதிலிருந்த தலைகளையும் ஓடுகளையும் கரைநெடுக அள்ளி இறைத்தாள்.

"வாங்க" என்றாள். காக்காயைக் கூப்பிடவில்லை, கணவரைக் கூப்பிட்டாள். "உங்க மேல சத்தியமா ஒழுங்கா பாத்துக்கறேங்க. ஒருவாட்டி வந்துட்டுப் போங்க."

நான் வாளியைப் பார்த்தேன். "எறா ஏதுக்கா?" என்று கேட்டேன். தன் குட்டை இறாலை அறுவடைக்கு முன்னால் அவள் தொடமாட்டாள்.

"சிவஞானம் அண்ணன் குடுத்தாரு. நேத்து புடிச்சாராம். காசு நீட்டினா கைய தட்டி வுட்டாரு. என் சிநேகிதனுக்கு நான் செய்யக்கூடாதான்னு அழுதுட்டாரு, செல்வி."

வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து முதல் காக்காய் வந்து கரையில் இறங்கியது. பின்னால் நாலைந்து. ஒன்று கூரைமேல் ஏறிச் சோற்றைக் கொத்தியது. பந்தலில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "வந்துட்டான்யா, ஐயப்பன் வந்துட்டான்" என்று ஒரு கிழவர் கும்பிட்டார். கண்ணாயிரம் உட்கார்ந்துவிட்டான். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு நிம்மதி அழுகையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

கரையில் ஒரு காக்காய் இறால் தலையைக் கவ்விக்கொண்டு எழும்பியது. இன்னொன்று துரத்தியது. குட்டையின் நடுவில் பிடி நழுவி அது தண்ணீரில் விழுந்தது. சின்னச் சத்தம். எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் குட்டையைப் பார்த்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷத்திலேயே கத்தியிருக்க வேண்டும். வந்தது உன் புருஷன் இல்லை, நோய் என்று இருபது பேர் முன்னால், கண்ணாயிரம் முன்னால், அவளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மைதான். ஆனால் கூட்டம் கலைந்த பிறகும் நான் சொல்லவில்லையே, அதற்கு என்ன பதில் இருக்கிறது?

பந்தியில் நானும் உட்கார்ந்தேன். அந்த வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. தொக்கு ருசியாகவே இருந்தது.

சாயங்காலம் அக்கா அறுத்த கயிறுகளை மறுபடி முடிந்துகொண்டிருந்தாள். முகம் கழுவியதுபோல் தெளிந்திருந்தது. "இனிமே எதுவும் வர வேணாம். வர வேண்டியவர் வந்துட்டுப் போயிட்டாரு" என்றாள்.

"அக்கா, குட்டைய சீக்கிரம் புடிச்சிடேன்" என்றேன். "நாளைக்கோ மறுநாளோ."

"எம்பது நாள்தான் ஆவுது. இன்னும் ஒரு மாசம் வுட்டா நல்லா எடை ஏறும். ஏன், இன்னா?"

அப்போது சொல்லியிருந்தால்கூடப் போதும். இரண்டு நாளில் பிடித்திருப்பாள். எடை குறைவாக இருந்தாலும் ஒரு போகம் எடுத்துக் காட்டியதாக ஆகியிருக்கும். குட்டை அவளிடம் நின்றிருக்கும்.

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா சொன்னேன்."

வெள்ளிக்கிழமை ஆக்சிஜன் பைகளோடு சென்னைக்குப் பேருந்து ஏறினேன். அந்த வாரம் என் வேலை நன்றாக நடந்தது. நான் தேடிய முதல் மரபணுவின் கோடு சோதனை ஜெல்லில் பளிச்சென்று விழுந்தது. பேராசிரியர் தோளில் தட்டினார். எனக்கு அது தலைக்கு ஏறவில்லை. ஒவ்வொரு மணிக்கும் அந்தக் குட்டையில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வேறு யாருக்கும் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அதுதான் என் படிப்பு. விழுந்த தலையைத் தின்ற இறால்களின் செல்களில் முதல் புரதம் எழுந்திருக்கும். இந்நேரம் மற்றதெல்லாம் எழுந்திருக்கும். இறால்கள் இன்னும் தீனி தின்னும். அக்கா தட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரிப்பாள். தலை விழுந்த இடத்திலேயே மண்ணில் புதைந்திருக்கலாம், ஒன்றும் ஆகாமல் போகலாம் என்றும் ஒரு மூலையில் வேண்டிக்கொண்டேன். ஜெபமாலையைக்கூட எடுத்தேன். மாதாவிடம் கேட்கிற யோக்கியதை எனக்கு இருந்ததா என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலை கூடத்து போனில் அக்கா கூப்பிட்டாள். "செல்வி, எறா நேத்துலேர்ந்து தீனிய தொடல. கரையோரமா வந்து சுத்துது. செத்த வந்து பாக்கறியா?"

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஜெல் எதுவும் ஓட்டத் தேவையில்லை. கரையோரத்தில் இறால்கள் சிவந்த உடம்போடு, போதை ஏறியவன் நடப்பதுபோல் நீந்திக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துத் தலை ஓட்டை உரித்து வெயிலில் பிடித்தேன். உப்புக்கல் தெறித்ததுபோல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

கண்ணாயிரம் எனக்கு முன்பே வந்திருந்தான். "மதகத் தொறந்து வடிச்சி வலையப் போட்டா, உசுரோட இருக்கறதாவது வித்துடலாம் அண்ணி" என்று மதகுப் பலகையில் கையை வைத்தான். வடிகிற தண்ணீர் ஓடைக்குப் போகும். அந்த ஓடையிலிருந்துதான் மொத்தம் பதினோரு குட்டைகளும் தண்ணீர் எடுக்கின்றன.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கயிறு கட்டினேன், கால் கழுவாம யாரையும் வுடல, அடுத்தவன் வலைய வாங்கல. எப்படி வந்துச்சு செல்வி?"

சொன்னேன். சிவஞானம் அண்ணன் குட்டை, திங்கட்கிழமை முடிவு, நாற்பது இறால், காக்காய், தண்ணீரில் விழுந்த தலை. எல்லாவற்றையும் அவள் கண்ணைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

"தெவசத்தன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எறா ஏதுன்னு கேட்டியே. அப்பவே?"

"அப்பவே."

"சாயங்காலம் சீக்கிரம் புடின்னு சொன்ன. ஏன்னு கேட்டேனே." குரல் உயரவே இல்லை. "ஏன்னுதானே கேட்டேன்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. பிறகு நடந்துபோய் மதகுப் பலகைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"கைய எடு கண்ணாயிரம். ஒரு சொட்டு வெளிய போவக்கூடாது."

"அண்ணி, இருக்கறதும் போயிடும்."

"போவட்டும். என் வூட்டு சாவு என் வூட்டோட போவட்டும்." இடுப்பிலிருந்து மோட்டார் ரூம் சாவியை எடுத்து அவன் காலடியில் போட்டாள். "இது உனக்குத்தானே வேணும். நாளைக்கு எடுத்துக்க. இன்னிக்கு வரைக்கும் குட்டை என்னுது. பிளீச்சிங் பவுடர் மூட்டைய தூக்கினு வா."

அவன் என்ன நினைத்தானோ, சாவியைத் தொடாமல் மூட்டையைத் தூக்கப் போனான். மூன்று பேருமாகத் தூளைக் கரைத்துக் கொட்டினோம். தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் சக்கரம் அதை வெள்ளையாகக் கலக்கியது. இறால்கள் ஒருமுறை மொத்தமாகத் துள்ளின, பிறகு அடங்கின. என் கை எரிந்தது. அக்கா அதன்பிறகுதான் அழுதாள். தெவசத்தன்று அழுததுபோல் இல்லை, வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதாள். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வா" என்றாள் என்னிடம். "சேதி சொல்லணும்."

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் வீடு வீடாகப் போய்ச் சேதி சொல்வார்கள். அவள் குரலில் அதுதான் இருந்தது. உப்புப் பாத்திகளின் வரப்பில் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். இருபுறமும் உப்பு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் என் அம்மாவும் இருந்தாள்.

முதல் குட்டை இருசப்பனுடையது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வேலியருகே வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும், "இன்னாம்மா?" என்று பதறினார்.

அக்கா ஒதுங்கி எனக்கு வழி விட்டாள்.

"அம்சவல்லி அக்கா குட்டையில வெள்ளைப்புள்ளி வந்துடுச்சுங்க" என்று ஆரம்பித்தேன். "மருந்து போட்டு அடைச்சிட்டோம். நீங்க ஜாக்கிரதையா…"

"அது கடைசி" என்றாள் அக்கா. "மொதல்ல இருந்து சொல்லு."

நான் இருசப்பனைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார்.

"சிவஞானம் அண்ணன் குட்டையில நோய் இருக்குதுன்னு எனக்கு ஒம்போது நாளா தெரியுங்க" என்றேன். "நான் யாருக்கும் சொல்லல."

அதற்கப்புறம் இன்னும் எட்டுக் குட்டை வாசலில் நின்று அதையே சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்றாள்.